செயின்ட் மார்ட்டின் தீவுக்கு ஜோடியாகப் போகிறவர்களுக்கு: கடைவீதி, சாப்பாடு, கடற்கரை

கரீபியனில் ஒரே விடுமுறையில் கடை சுற்றவும் வேண்டும், நன்றாகச் சாப்பிடவும் வேண்டும், கடலில் கிடக்கவும் வேண்டும் என்று கேட்கிற தம்பதிக்கு நான் முதலில் சொல்கிற பெயர் செயின்ட் மார்ட்டின். மொத்தத் தீவே சுமார் 87 சதுர கிலோமீட்டர்தான். வடக்குப் பக்கம் பிரான்சைச் சேர்ந்தது, தெற்குப் பக்கம் நெதர்லாந்து ராஜ்ஜியத்தைச் சேர்ந்த சின்ட் மார்ட்டன். 1648-இல் இரண்டு நாட்டுக்காரர்களும் ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள், தீவு இன்றும் இரண்டு பக்கமாகவே இருக்கிறது. சாலையில் எல்லையைத் தாண்டும்போது யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை, ஓரத்தில் நிற்கிற பலகையைக் கவனிக்காவிட்டால் நாடு மாறியதே தெரியாது.

ஆனால் முதல் தடவை போகிறவர்கள் பலர் கிடைத்த நாளில் கிடைத்த இடத்துக்குப் போய், கூட்டத்தில் மாட்டி, மூடிய கடை வாசலில் நின்று திரும்பி வருகிறார்கள். இங்கே எந்த இடம் என்பதைவிட எந்த நாள், எந்த நேரம் என்பதுதான் முக்கியம். அதைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் எளிது.

புறப்படும் முன்

பெரிய விமானங்கள் இறங்குவது டச்சுப் பக்கத்தில் உள்ள பிரின்சஸ் ஜூலியானா விமான நிலையத்தில். அமெரிக்க நகரங்களிலிருந்தும், பாரிஸ், ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் நேரடி விமானங்கள் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தீவின் இரண்டு பகுதிகளுமே ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பவை. ஐரோப்பாவுக்குப் போகிற விசா கையில் இருக்கிறதே, அது போதும் என்று தானாக முடிவு செய்துவிட்டு டிக்கெட் எடுக்காதீர்கள். இறங்குவது டச்சுப் பக்கம், தங்குவது பிரெஞ்சுப் பக்கம் என்றால் இரண்டின் விதியையும் தூதரகத் தளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். அமெரிக்க, கனடா விசா அல்லது நிரந்தரக் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்களும் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை வெயில் இதமாக இருக்கும், விலையும் கூட்டமும் ஏறியிருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், அதிலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். 2017 செப்டம்பர் 6-ஆம் தேதி இர்மா புயல் இந்தத் தீவை நேராக அடித்துப் போட்டது. மீண்டு வந்துவிட்டார்கள் என்றாலும் இடிந்த கட்டடங்கள் சில இடங்களில் இன்னும் கண்ணில் படும். என்னைக் கேட்டால் மே மாதம் அருமை: அறை வாடகை இறங்கியிருக்கும், மழையும் தொடங்கியிருக்காது.

எங்கே தங்குவது, எப்படிச் சுற்றுவது

இரவில் வெளியே போக, சூதாட்ட விடுதி, இசை, நடந்து போகும் தூரத்தில் உணவகம் எல்லாம் வேண்டும் என்றால் டச்சுப் பக்கத்தில் சிம்ப்சன் பே அல்லது மாஹோ. அமைதி வேண்டும், காலையில் கடற்கரையில் ரொட்டியும் காபியும் போதும் என்றால் பிரெஞ்சுப் பக்கத்தில் ஓரியன்ட் பே அல்லது கிராண்ட் காஸ். மின்சாரம்கூட இரண்டு பக்கமும் வேறு வேறு: டச்சுப் பக்கம் 110 வோல்ட், அமெரிக்கப் பிளக். பிரெஞ்சுப் பக்கம் 220 வோல்ட், ஐரோப்பியப் பிளக். அதற்கேற்ற அடாப்டரைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். தொலைபேசியும் அப்படித்தான், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பேசினால் அது வெளிநாட்டு அழைப்பு, எனவே வாட்ஸ்அப்பிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கார் வாடகைக்கு எடுப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். எடுத்த காரை இரண்டு பக்கமும் ஓட்டலாம், வலது பக்கப் போக்குவரத்து, தூரம் குறைவு. நெரிசல்தான் தொந்தரவு. சிம்ப்சன் பேயில் படகுகளுக்காகப் பாலத்தைத் தூக்குகிற நேரத்திலும், மாலையில் வேலை முடிந்து எல்லோரும் கிளம்புகிற நேரத்திலும் கோல் பே வழியாகப் போகாதீர்கள். கடற்கரையில் நிறுத்தும்போது காருக்குள் பையோ போனோ எதையும் விட்டுவிட்டுப் போக வேண்டாம், பின்பெட்டியில்கூட வேண்டாம்.

கார் வேண்டாம் என்றால் டாக்ஸி. டச்சுப் பக்கத்தில் மீட்டர் கிடையாது, அரசு நிர்ணயித்த கட்டணம்தான். அது இரண்டு பேருக்கான கட்டணமாகவே கணக்கிடப்பட்டிருப்பதால் ஜோடியாகப் போகிறவர்களுக்குச் சரியாக இருக்கும். இரவு 10 மணிக்கு மேல் கட்டணம் கூடும். ஏறுவதற்கு முன் எவ்வளவு, டாலரா யூரோவா என்று கேட்டுவிட்டே ஏறுங்கள். பகலில் வேன் பேருந்துகள் ஓடுகின்றன, ஓரிரண்டு டாலரில் பிலிப்ஸ்பர்க்கிலிருந்து மாரிகோ போய்விடலாம். ஊர்க்காரர்களோடு ஊரைப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

பணம்

டச்சுப் பக்கத்தின் அதிகாரப்பூர்வ நாணயம் 2025-இல் வந்த கரீபியன் கில்டர். ஒரு டாலருக்கு 1.79 என்று நிலையாகக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் எல்லாக் கடையிலும் அமெரிக்க டாலர் செல்லும், சுற்றுலாக்காரர்களுக்கு விலையே டாலரில்தான் எழுதியிருக்கும். பிரெஞ்சுப் பக்கம் யூரோ. சில்லறை டாலர் நோட்டுகள் ஒரு கட்டும் கொஞ்சம் யூரோவும் கையில் வைத்திருங்கள். பிரெஞ்சுப் பக்கத்தில் சில சிறிய உணவகங்கள் ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு யூரோவுக்கு ஒரு டாலர் என்று வாங்கிக்கொள்வார்கள். யூரோ மதிப்பு டாலரைவிட மேலே இருக்கும்போது அது உங்களுக்கு நல்ல லாபம். உட்காருவதற்கு முன் கேட்டுவிடுங்கள், வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறவர்களும் உண்டு.

கடைவீதி: பிலிப்ஸ்பர்க்

டச்சுப் பக்கத் தலைநகரம் பிலிப்ஸ்பர்க். ஒரு பக்கம் கிரேட் பே கடற்கரை, மறுபக்கம் பழைய உப்பளக் குளம், நடுவில் ஒடுங்கிய மண் திட்டு, அதன்மேல் ஊர். கடலை ஒட்டி நடைபாதை, அதற்கு இணையாக ஃப்ரன்ட் ஸ்ட்ரீட், அதற்குப் பின்னால் பேக் ஸ்ட்ரீட், இடையிடையே குறுக்குச் சந்துகள். தம்பதிக்கு இதைவிட வசதியான கடைவீதி கிடையாது. ஒருவருக்கு நகைக் கடையில் ஒரு மணி நேரம் வேண்டும், மற்றவருக்குக் கடையைக் கண்டாலே அலுப்பு என்றால், அலுப்பவர் சந்து வழியாக இரண்டு நிமிடத்தில் மணலுக்குப் போய் நாற்காலி போட்டு உட்காரலாம். நாற்காலி இரண்டு, குடை ஒன்று, கூடவே ஐஸ் வாளியில் பியர் என்று சேர்த்தே வாடகைக்குக் கொடுப்பார்கள். சண்டை இல்லாமல் கடை சுற்ற இந்த ஊர் ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

இப்போது நாள் விஷயம். இந்த ஊர் உயிரோடு இருப்பது உல்லாசக் கப்பல்களால். தலைநகருக்குப் பக்கத்திலேயே துறைமுகம். பருவக் காலத்தில் ஒரே நாளில் நான்கைந்து கப்பல்கள் வந்து நின்றால் ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டில் தோள் உரசாமல் நடக்க முடியாது. கப்பலே வராத ஞாயிற்றுக்கிழமை போனால் பாதிக் கடைக்கு மேல் மூடியிருக்கும். கப்பல் வருகை அட்டவணை இணையத்தில் முன்கூட்டியே கிடைக்கிறது. ஒன்றோ இரண்டோ கப்பல் வருகிற நாளாகப் பார்த்து எடுத்து, காலை 9 மணிக்குள் ஊருக்குள் நுழைந்துவிடுங்கள், அல்லது கப்பல் பயணிகள் திரும்பத் தொடங்குகிற 3 மணிக்கு மேல் போங்கள். பேரம் படிவது இந்தக் கடைசி நேரத்தில்தான். நான்கைந்து கப்பல்கள் வருகிற நாளில் நீங்கள் பிலிப்ஸ்பர்க்கிலும் இருக்கக் கூடாது, மாஹோவிலும் ஓரியன்ட் பேயிலும் இருக்கக் கூடாது, ஏனென்றால் சுற்றுலாப் பேருந்துகள் போவதும் அங்கேதான்.

இந்தத் தீவில் இறக்குமதிச் சுங்கவரி இல்லை, அதனால்தான் நகை, கைக்கடிகாரம், கேமரா, மது, வாசனைத் திரவியம் எல்லாம் மலிவு என்ற பெயர். அது பாதி உண்மை. மது நிச்சயம் மலிவு. கேமரா, மின்னணுப் பொருட்கள் இணைய விலையைவிடக் குறைவாக இருப்பது அரிது, வாரண்டி உங்கள் ஊரில் செல்லுமா என்பதும் சந்தேகம், எனவே அதை விட்டுவிடுங்கள்.

நகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் நிற்கப் போவது அங்கேதான். ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டில் நகைக் கடை வைத்திருப்பவர்களில் இந்திய வம்சாவளியினர் நிறைய, குறிப்பாக சிந்தி வணிகக் குடும்பங்கள். பேச்சு இந்தியில் தொடங்கினால் தேநீர்கூட வரும், ஆனால் விலை அதனால் குறையாது, நீங்கள்தான் குறைக்க வேண்டும். இங்கே விற்பது பெரும்பாலும் 14, 18 காரட். நம் ஊரில் 22 காரட்டுக்கு கிராம் விலை, செய்கூலி, சேதாரம் என்று கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இங்கே ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில் அந்தக் கணக்கு எதுவும் தெரியாது. எடையை நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள், அன்றைய தங்க விலையைப் போனில் பார்த்து, தங்கத்துக்கு எவ்வளவு, கல்லுக்கும் வேலைக்கும் எவ்வளவு என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். வைரம் என்றால் ஜிஐஏ போன்ற ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் வாங்க வேண்டாம், கடைக்காரரே அச்சடித்துக் கொடுக்கும் மதிப்பீட்டுத் தாளுக்கு மதிப்பில்லை. உங்கள் ஊரில் அதே தரத்துக்கு என்ன விலை என்று புறப்படும் முன்பே எழுதி எடுத்துவாருங்கள். முதலில் சொல்லும் விலையை யாரும் கடைசி விலையாக நினைப்பதில்லை, அவர்களும்கூட. எழுந்து வெளியே வந்து, இன்னும் இரண்டு கடை பார்த்துவிட்டு, மறுநாள் திரும்பிப் போங்கள். கப்பல் பயணிக்கு அந்த மறுநாள் கிடையாது, உங்களுக்கு உண்டு. கப்பலில் பரிந்துரைக்கும் கடைகள் என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள், அது விளம்பரத்துக்குப் பணம் கட்டிய கடைகளின் பட்டியல் என்பதை மனத்தில் வையுங்கள்.

நீல நிற லாரிமார் கல்லை எல்லாக் கடையிலும் காட்டுவார்கள். அது டொமினிக்கன் குடியரசில் மட்டும் கிடைக்கிற கல், அழகானது, வெள்ளியில் கட்டியதாக ஒரு சின்னப் பதக்கம் வாங்கினால் பெரிய செலவில்லை.

தீவுக்கே உரிய பொருள் வேண்டுமா, குவாவாபெரி மது வாங்குங்கள். மலைப் பக்கம் விளையும் சிறு பழத்தை ரம்மில் ஊறவைத்துச் செய்வது, கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கே வீடுதோறும் இருக்கும். ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டில் அதற்கென்றே ஒரு கடை உண்டு, ருசி பார்க்கக் கொடுப்பார்கள். வழியில் 1793-இல் கட்டிய பழைய நீதிமன்றக் கட்டடத்தையும் பார்த்துவிடுங்கள், உச்சியில் அன்னாசிப்பழம் வைத்த வெள்ளைக் கட்டடம்.

மாரிகோ சந்தை

பிரெஞ்சுப் பக்கத் தலைநகரம் மாரிகோ. படகுத்துறையை ஒட்டிய சந்தை புதன், சனிக் கிழமைகளில்தான் களைகட்டும். காலையிலேயே போங்கள், மீனும் காய்கறியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். வெனிலா, ஜாதிக்காய், காரச் சாறு, ஊறவைத்த ரம் எல்லாம் இங்கே வாங்கலாம். கட்டம் போட்ட பருத்தித் துணியில் தைத்த உடைகளும் பொம்மைகளும் தொங்கும். அந்தத் துணிக்குப் பெயரே மெட்ராஸ். நம் கரையில் நெய்து கப்பலேறிப் போன கட்டத் துணிதான் பிரெஞ்சுக் கரீபியப் பெண்களின் பாரம்பரிய உடையாக ஆகியிருக்கிறது. பிரான்சின் பிற கரீபியத் தீவுகளில் மார்த்தினிக்குக்கு 1853-இலும் குவாதலூப்புக்கு 1854-இலும் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழ்க் கூலித் தொழிலாளர்களைக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். அவர்கள் கைப்பக்குவத்தில் பிறந்த கொலோம்போ என்னும் மசாலாக் குழம்பு, கோழியிலும் ஆட்டிறைச்சியிலும், இந்தத் தீவின் பிரெஞ்சுப் பக்க உணவகங்களிலும் கிடைக்கிறது. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு வாசனை வரும். கட்டாயம் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள், யார் கையிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

மாரிகோவில் மதியம் கடைகளை இரண்டு மூன்று மணி நேரம் மூடிவிடுவார்கள். இன்னொன்று, கடைக்குள் நுழைந்ததும் பிரெஞ்சுப் பக்கம் 'போன்ஜூர்', டச்சுப் பக்கம் 'குட் மார்னிங்' சொல்லிவிட்டு அப்புறம்தான் எதையும் கேட்க வேண்டும். நேரடியாக விலை கேட்டால் முகம் மாறிவிடும். டச்சுப் பக்கத்தில் எல்லோரும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், மொழிச் சிக்கல் இல்லை.

சாப்பாடு

சாப்பிட வேண்டிய ஊர் கிராண்ட் காஸ். கடலோரமாக ஒரே தெரு, இரண்டு பக்கமும் உணவகங்கள். நடுவில் லோலோ என்று அழைக்கப்படும் கூரைக் கடைகள்: வெளியே கரி அடுப்பு, புகை, உள்ளே மர மேசை. பன்றி விலா, கோழி, மீன், கல் இறால் எல்லாம் கண்முன்னே சுட்டு, கூடவே பட்டாணிச் சோறு, வறுத்த வாழைக்காய், உருளைக்கிழங்கு சாலட், முட்டைக்கோஸ் என்று தட்டு நிரம்ப வரும். ஒரு தட்டு வாங்கினால் இருவர் பகிர்ந்துகொள்ளலாம். கல் இறாலுக்கு எடை போட்டு விலை சொல்வார்கள், சுடுவதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள். மதியம் லோலோ, இரவு ஒரே ஒரு நாள் அதே தெருவில் நல்ல பிரெஞ்சு உணவகம் என்று வைத்துக்கொண்டால் பணமும் நிற்கும், மனமும் நிறையும். பிரெஞ்சு உணவகங்களில் மதியச் சாப்பாடு இரண்டரை மணியோடு முடிந்துவிடும், இரவுக்கு ஏழு மணிக்குத்தான் அடுப்பு. நான்கு மணிக்குப் பசித்தால் லோலோதான் கதி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பட்டாணிச் சோற்றில் சில இடங்களில் உப்பிட்ட இறைச்சி போட்டுச் சமைப்பார்கள். அக்ரா என்று வரும் வடை மாதிரியான பொரியல் பெரும்பாலும் கருவாட்டு மீனில் செய்தது. ஜானி கேக் என்னும் பொரித்த ரொட்டி, பாலாடைக்கட்டி மக்ரோனி, வாழைக்காய், சாலட் இவற்றை வைத்து ஒரு வேளையை ஓட்டலாம். டச்சுப் பக்கத்தில் இந்திய உணவகங்கள் உண்டு. சமையலறை உள்ள அறை எடுத்தால் இன்னும் நல்லது, இங்குள்ள பெரிய அங்காடிகளில் பிரான்சிலிருந்து வரும் ரொட்டி, பாலாடைக்கட்டி, வைன் எல்லாம் அருமையாக இருக்கும்.

டிப்ஸ்: பிரெஞ்சுப் பக்கம் சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்தது, பிடித்திருந்தால் சில்லறையாகக் கொஞ்சம் வைத்தால் போதும். டச்சுப் பக்கம் பில்லைப் படியுங்கள். சில இடங்களில் 15 சதவீதம் அதிலேயே சேர்த்திருப்பார்கள். இல்லையென்றால் நீங்கள் அந்த அளவு கொடுப்பது வழக்கம்.

கடற்கரை

இந்தத் தீவில் கடற்கரைகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன என்று சொல்வார்கள். எல்லாவற்றையும் துரத்த வேண்டாம். காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. அதனால் கிழக்குக் கரையில் அலையும், கோடையில் சர்காசம் என்னும் பழுப்புக் கடல்பாசியும் சேரும். மேற்குக் கரை பொதுவாக அமைதி, ஆனால் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பெரிய அலைகள் வருகிற நாட்களில் அங்கேயும் இழுக்கும். காலையில் அறையிலிருந்து கிளம்பும் முன் அன்றைய கடல் நிலையைப் பார்த்துவிட்டு எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள்.

நீச்சல் தெரியாதவர்கள், நம்மில் பலர் அப்படித்தான், லெ கலியோன் கடற்கரைக்குப் போங்கள். கிழக்கில் இருந்தாலும் பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீர்தான். அடுத்தது பினெல் தீவு. குல் தெ சாக் என்ற இடத்திலிருந்து சின்னப் படகு, சில நிமிடப் பயணம். ஆழமில்லாத பச்சைத் தண்ணீர், மணலில் இகுவானாக்கள், இரண்டொரு உணவகம். 1998-இல் அமைத்த இயற்கைக் காப்பகத்துக்குள் வரும் இடம் என்பதால் சங்கு, பவளம் எதையும் எடுக்கக் கூடாது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரியன்ட் பே நீளமான அழகிய கரை, நாற்காலி, சாப்பாடு, தண்ணீர் விளையாட்டு எல்லாம் உண்டு. அதன் தெற்கு முனை நிர்வாணக் குளியலுக்கானது. பிரெஞ்சுப் பக்கக் கரைகள் எதிலும் மேலாடை இல்லாமல் பெண்கள் இருப்பது சாதாரணம். இது தெரிந்துகொண்டு போனால் சங்கடம் இல்லை. அங்கே கேமராவை நீட்டாதீர்கள். தனிமை வேண்டும் ஜோடிகள் ஃபிரையர்ஸ் பேயில் காரை விட்டுவிட்டு, பதினைந்து நிமிடம் பாதையில் நடந்து ஹேப்பி பேக்குப் போகலாம். அங்கே கடையில்லை, தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள். டச்சுப் பக்கத்தில் முல்லெட் பே, மர நிழலும் சுட்ட கோழி விற்கும் கடையும் உள்ள அருமையான இடம். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும், பாட்டும் சமையலுமாக.

மாஹோவைச் சொல்லாமல் விட முடியாது. விமான ஓடுபாதையின் முனை கடற்கரையை ஒட்டியிருப்பதால் இறங்கும் விமானம் தலைக்கு மேலே சில மீட்டர் உயரத்தில் போகும். ஐரோப்பாவிலிருந்து வரும் பெரிய விமானங்கள் மதியத்தை ஒட்டி வரும், பக்கத்து மதுக்கூடத்தில் நேரம் எழுதி வைப்பார்கள். இறங்குவதைப் பாருங்கள், தாராளமாக. ஆனால் புறப்படும் விமானத்தின் பின்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேண்டவே வேண்டாம். எஞ்சின் காற்று ஆளைத் தூக்கி எறியும். 2017 ஜூலையில் ஒரு பெண் அப்படி எறியப்பட்டு இறந்துபோனார். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், அதற்கு முன்னாலேயே நின்று படம் எடுக்கிறார்கள். உங்கள் துணை ஆசைப்பட்டாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரமாக வந்துவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து மஞ்சினீல் மரம். கரையோரம் வளரும், சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி பழம், முழுக்க நஞ்சு. பழத்தைக் கடிக்கக் கூடாது, பாலைத் தொடக் கூடாது, மழை பெய்யும்போது அதன் அடியில் ஒதுங்கக்கூடக் கூடாது, இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே தோலைப் பொசுக்கும். தண்டில் சிவப்புப் பட்டை தீட்டியிருந்தால் அதுதான் அடையாளம். பட்டை இல்லாமலும் இருக்கலாம், தெரியாத மரத்தடியில் துண்டு விரிக்காதீர்கள்.

திரும்பும் நாள்

வாங்கியவற்றின் ரசீதுகளை ஒரே உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஆளுக்கு 800 டாலர் வரை வரியில்லை, ஒரே வீட்டுத் தம்பதி சேர்த்து 1600 என்று காட்டலாம். மது ஆளுக்கு ஒரு லிட்டர். கியூபச் சுருட்டு இங்கே தாராளமாகக் கிடைக்கும், ஆனால் 2020 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. கனடாக்காரர்களுக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் 800 கனடா டாலர். ஐரோப்பாவுக்கு விமானத்தில் திரும்புகிறவர்களுக்கு 430 யூரோ. அதற்கு மேல் போனால் மறைக்காமல் அறிவித்து வரி கட்டிவிடுங்கள், நகை விஷயத்தில் ரசீது இல்லாமல் மாட்டினால் பெரிய அலைச்சல்.

மதுப் புட்டிகளைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வைப்பதே நல்லது. விமான நிலையத்தில் வாங்கி, அமெரிக்காவில் வேறு விமானம் மாறுவதாக இருந்தால், அங்கே பெட்டியை எடுத்து மறுபடி போடுகிற இடத்தில் புட்டியைப் பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள், கைப்பையில் வைத்திருந்தால் அடுத்த சோதனையில் எடுத்துவிடக்கூடும். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கவும் சிம்ப்சன் பே நெரிசலைக் கடக்கவும் சேர்த்து, விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள். சனி, ஞாயிறு மதிய விமானம் என்றால் இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.